பஞ்சாயத்து டி.வி. முதல் ஸ்மார்ட் டி.வி. வரை: நம்ம கடலோரத்துக்குப் படம் வந்த கதை



போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் டி.வி. வாங்கினோம். 43 அங்குலம். பேத்தி அதை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாலும் போட்டாள், "சார், என்ன கம்பெனி? என்ன பார்த்து எடுத்தீங்க? எங்க வீட்டுக்கும் சொல்லுங்க" என்று ஒரே விசாரிப்பு. கம்பெனி பெயர் சொல்லி விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. என்ன பார்த்து எடுத்தேன் என்பதைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். கடைக்காரத் தம்பி என்னிடம், "இனிமே எல்லாம் உங்க சாய்ஸ்தான் சார், எதை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்" என்றார். ஐம்பது வருடமாக டி.வி. விஷயத்தில் நம் அனுமந்தை, மரக்காணம் பக்கத்து வீடுகளுக்கு யார் யார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள் என்று யோசித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடாதவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

சென்னையில் டி.வி. என்று ஒன்றை மக்கள் முதலில் பார்த்தது 1950 ஜனவரியில். தேனாம்பேட்டையில் நடந்த ஒரு பொருட்காட்சியில் பி.சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் ஒரு கருவியைச் செய்து வைத்திருந்தார். ஓர் எழுத்தை அது படித்து, கண்ணாடிக் குழாயின் திரையில் காட்டியது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எழுத்தைத் திரையில் வரவழைத்தது ஒரு மாணவர் என்பதில் வாத்தியாரான எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அரசாங்கம் டி.வி.யைத் தொடங்கியது 1959 செப்டம்பர் 15, டெல்லியில். சினிமாப் பாட்டுக்காகவோ சீரியலுக்காகவோ தொடங்கவில்லை. யுனெஸ்கோ உதவியோடு, மக்களுக்குப் பாடம் சொல்லத்தான் தொடங்கினார்கள். 1961இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு டெல்லிப் பள்ளிக்கூடங்களுக்கு டி.வி. வழியாகப் பாடம் போனது. இந்தியாவில் டி.வி. முதலில் வாத்தியாராகத்தான் வேலைக்குச் சேர்ந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்து 1975. அந்த ஆகஸ்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேராக வானத்திலிருந்து நிகழ்ச்சி அனுப்பும் சோதனையை நம் விஞ்ஞானிகள் தொடங்கினார்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில் பத்தடி அகலத்துக்கு டிஷ் செய்து, கிராமத்துக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அந்த ஆறு மாநிலங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் என்ற எழுத்தாளர் வீட்டுக்கு நம் ஆட்களே போய் ஒரு டிஷ் மாட்டிக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர், அதற்கான மரியாதை. கொழும்பு வீட்டுக்கு வந்தது, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த நமக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. நமக்கும் சென்னைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். டி.வி. அலை ரேடியோவின் மத்திய அலை மாதிரி தரையோடு வளைந்து வராது. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதை நான் வகுப்பில் கப்பலின் பாய்மரத்தை வைத்துச் சொல்வேன் அல்லவா, அதே காரணத்தால் சென்னைக் கோபுரம் நமக்குத் தெரியாது. அதனால் நம்மவர்கள் கோபுரத்தைத் தேடி மேலே ஏறினார்கள். இரும்புக் குழாயைக் குழாயோடு சேர்த்து, தென்னை மர உயரத்துக்கு நிறுத்தி, உச்சியில் மீன் முள்ளைப் போன்ற ஆன்டெனா. ஜப்பானில் 1926இல் யாகி, உடா என்ற இரண்டு பேராசிரியர்கள் கண்டுபிடித்த வடிவம் அது. நடுவில் ஒரு பூஸ்டர் பெட்டி. இவ்வளவும் செய்தால் புள்ளி புள்ளியாக ஒரு படம் வரும். காக்கை உட்கார்ந்தால் அதுவும் போய்விடும். கூரை மேல் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் நின்றுகொண்டு "இப்ப வருதா? இப்ப?" என்று கத்திய காலம்.

உப்பளத்துக் காற்றில் அந்த ஆன்டெனாவுக்கு ஆயுசு குறைவு. அலுமினியக் குச்சியில் வெள்ளை பூக்கும், வயர் சேரும் இடத்தில் செம்பு பச்சை பூக்கும். வருடத்துக்கு ஒரு முறை இறக்கித் தேய்க்க வேண்டும். வேதாரண்யம், ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் இருந்தவர்கள் இதே குச்சியைத் தெற்கே திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1982 பிப்ரவரியில் தொடங்கியது ரூபவாஹினி. அவர்களுக்குக் கொழும்பு கிட்ட, சென்னை தூரம். அந்தக் காலத்தில் என்ன பார்ப்பது என்பதைத் தீர்மானித்தது பூகோளம்.

டி.வி. வைத்திருக்க தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று சொன்னால் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். ரேடியோவுக்கும் அப்படித்தான். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது.

1982 ஆகஸ்ட் 15இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது, அந்த நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 1984இல் நாளுக்கு ஒரு ஒளிபரப்பு நிலையம் என்கிற வேகத்தில் சில மாதங்கள் நாடு முழுக்கக் கோபுரம் நட்டார்கள். அந்த அக்டோபர் 31இல் இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். இறுதிச் சடங்கை நான் பார்த்தது புதுச்சேரியில் ஒரு உறவினர் வீட்டில், தெருவே அந்த வீட்டு ஹாலில் இருந்தது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது மரக்காணத்தில் டி.வி. இருந்த ஒரு வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கித் திண்ணையில் வைத்துவிட்டார். வேறு வழியில்லை, உள்ளே வைத்திருந்தால் வீடு தாங்கியிருக்காது. உப்பளத்தில் அன்று யாரும் இறங்கவில்லை. மார்கழி மாதம், எப்படியும் உப்பு வேலை நின்றிருக்கும் காலம்தான். ஆனாலும் பாத்தி சீர்செய்யப் போகிறவர்கள்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பஞ்சாயத்து டி.வி. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சின்ன அறை, கம்பிக் கதவு, உள்ளே உயரத்தில் மரப்பெட்டிக்குள் டி.வி. சாவி ஒருவரிடம். அவர் வந்து திறந்தால்தான் டி.வி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடும் நேரத்துக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வீட்டு வாசலில் பிள்ளைகள் போய் நிற்பார்கள். சென்னை நிலையத்தில் சோலிடேர், டயனோரா விளம்பரம் வரும், இரண்டும் சென்னைக் கம்பெனிகள். ஷோபனா ரவி, வரதராஜன் செய்தி வாசிப்பார்கள். செய்தி முடிந்து வானிலை அறிக்கை வரும்போது அறையில் சத்தம் அடங்கிவிடும். உப்பு வாருகிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். குப்பத்துக்காரர்களுக்கோ கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி. பாட்டுக்கு வந்த கூட்டம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக வந்தவர்கள் பாதிப் பேர்.

ஞாயிறு காலையில் ராமாயணம். 1987 ஜனவரி 25இல் தொடங்கி அடுத்த வருடம் ஜூலை வரை ஓடியது. முழுக்க இந்தி. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கதை தெரியுமே, தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஊர். எந்தக் கட்டத்தில் யார் என்ன சொல்வார் என்று பெரியவர்கள் தமிழில் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். டப்பிங் செலவே இல்லை.

ஆனால் பஞ்சாயத்து டி.வி.யை எல்லோரும் பார்த்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். யார் முன்னால் உட்காருவது, யார் வெளியில் நிற்பது என்பதில் ஊர் எப்படி இருந்ததோ அப்படித்தான் அந்த அறையும் இருந்தது. பெண்கள் இருட்டிய பிறகு வருவது குறைவு. சாவி யார் கையிலோ, சேனலும் அவர் கையில். அப்போது ஒரே சேனல்தான் என்பதால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

கேபிள் வந்தபோது தெரிந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு நகரங்களில் பரவிய கேபிள், 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கிய பிறகு நம் பக்கமும் கம்பத்துக்குக் கம்பம் ஓடி வந்தது. ஆன்டெனாக் குழாய்கள் கொடிக்கம்பமாகவும் பந்தல் காலாகவும் மாறின. சாவிக்காரர் போய் கேபிள்காரர் வந்தார். எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும், எது வராது, சாயங்காலம் என்ன படம் போடுவது என்பதெல்லாம் அவருடைய கட்டுப்பாட்டு அறையில் முடிவாகும். 1995இல் கேபிளுக்கு ஒரு சட்டம் வந்தது. 2003 செப்டம்பரில் செட்டாப் பாக்ஸ் முறை நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் நடைமுறைக்கு வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த புது விதிப்படி, 130 ரூபாயும் வரியும் கட்டி நூறு சேனல், அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சேனலை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். எத்தனை வீட்டில் உட்கார்ந்து பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? "எல்லாரும் எடுக்கிற பேக்கேஜையே போடுங்கண்ணே" என்றுதான் சொன்னோம்.

இப்போது நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வீட்டுக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சி இலவசம் என்று வாக்குறுதி கொடுத்தது. கலைஞர் முதல்வரானதும் அந்த ஆண்டு செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளை ஒட்டி, முதல் தவணையாகச் சுமார் 30,000 பெட்டிகள் கொடுக்கப்பட்டன. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கிய 14 அங்குலப் பெட்டிகள். அடுத்த ஐந்து ஆண்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். குடிசைக்கு ஒரு விளக்கு மட்டும் என்றிருந்த இலவச மின் இணைப்பின் விதியில், அந்த டி.வி.யையும் போட்டுக்கொள்ள இடம் தரப்பட்டது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் விளக்கைத் தவிர ஒரு மின்சாதனம் அந்த வீடுகளுக்குள் சட்டப்படி நுழைந்தது அப்போதுதான்.

அதை எதிர்த்து வழக்கு போனது. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு என்று சட்டம் படித்த என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2013 ஜூலை 5இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டத்தில் சொல்லப்பட்ட ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. கூடவே, இலவசங்கள் தேர்தலின் சமநிலையைக் குலைக்கின்றன என்றும் சொல்லி, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. இரண்டு பக்கத்துக்காரர்களும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையில் அப்போது பெரிய விவாதம். "டி.வி. கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறாங்க, அந்தப் பணத்துல பள்ளிக்கூடம் கட்டலாம்" என்று ஒரு கட்சி. "உங்க வீட்டுல 21 இஞ்ச் இருக்குல்ல சார், உங்க பிள்ள கெட்டுப்போச்சா?" என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கவே இல்லை. ஒரு விஷயம் மட்டும் என் கண்ணால் பார்த்தது: சாயங்காலம் அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற பிள்ளைகள் குறைந்தார்கள். "இங்க என்னடி வேல, போ" என்று விரட்டப்படுகிற ஒரு பிள்ளை மறுநாள் வகுப்பில் எப்படி உட்காரும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பட்ஜெட் கணக்கில் எங்கே எழுதுவது என்று தெரியாது.

பிறகு 2020 மார்ச். பள்ளிகள் மூடின. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 26இல்தான் கல்வி தொலைக்காட்சி தொடங்கியிருந்தார்கள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அதன் படப்பிடிப்புத் தளம். 2020 ஜூலையில் வகுப்புவாரியாக அட்டவணை போட்டுப் பாடங்கள் அதில் ஓட ஆரம்பித்தன. 1961இல் டெல்லியில் செய்த வேலையை 59 வருடம் கழித்து டி.வி. நம் ஊரில் மறுபடி எடுத்துக்கொண்டது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் போனில் படித்தார்கள். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு போன் இருந்தால் அது அப்பாவோடு உப்பளத்துக்கோ படகுக்கோ போய்விடும். மிச்சம் இருந்தது டி.வி.தான்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நோட்டுப் புத்தகத்தோடு நடந்தேன். யார் வீட்டில் டி.வி. ஓடுகிறது, யார் வீட்டில் கேபிள் இருக்கிறது, கல்வி டி.வி. எந்த எண்ணில் வருகிறது என்று எழுதிக்கொண்டு போனேன். பல வீடுகளில் அரசு முத்திரை போட்ட அந்த 14 அங்குலப் பெட்டி பதிமூன்று, பதினான்கு வயதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் மாணவனின் வயதைவிட அதற்கு வயது அதிகம். சில வீடுகளில் பெட்டி இருந்தது, படம் இல்லை. தானே புயலில் கூரை போனபோது நனைந்தது என்றார்கள். சில வீடுகளில் பெட்டி நன்றாக இருந்தது, கேபிள் கட்டணம் கட்ட முடியாமல் வயர் துண்டித்துக் கிடந்தது. அடகுக்குப் போனதும் உண்டு. ஓடிய வீடுகளில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

கெடுக்கும் என்று சொன்ன பெட்டிதான் பாடத்தைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து மேடையில் கை தட்டல் வாங்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டி.வி.யில் வந்த ஆசிரியர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள். சிலர் என்னைவிட நன்றாக. ஆனால் "புரியல சார்" என்று டி.வி.யிடம் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்க அதனால் முடியாது. ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1இல்தான். பத்தொன்பது மாதம். எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்தார்கள்.

அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னால் நடந்தது பலருக்கும் மறந்திருக்கலாம். 2021 அக்டோபர் 27. முதல்வர் மு.க.ஸ்டாலின் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எங்கே? சென்னையில் இல்லை, கோட்டையில் இல்லை. நம்ம மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில். தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை வீட்டருகே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். முதலில் 12 மாவட்டங்கள். நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள். அதில் சிலர் என்னிடம் படித்தவர்கள். இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும், வணக்கம் டீச்சர். படம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது இந்தக் கடற்கரையில் அரசாங்கமே ஒப்புக்கொண்ட நாளாக நான் அதைக் கணக்கு வைத்திருக்கிறேன்.

சரி, ஸ்மார்ட் டி.வி.க்கு வருவோம்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இப்போது சுலபம். நீங்கள் உட்காரும் இடத்துக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். எங்கள் கூடம் ஒன்பது அடி, அதற்கு 43 போதும். கடையில் 55 அங்குலம்தான் அழகாகத் தெரியும், கடையின் அகலம் அப்படி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே முன்பு போல வரிக்குப் பயந்து 32இலேயே நிற்க வேண்டியதில்லை. மின்சிக்கன நட்சத்திரம் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளை மூன்றாவது இருக்கட்டும். சர்வீஸ் ஆள் திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ நம் ஊருக்கு வருவாரா என்று கடையிலேயே போன் போட்டுக் கேளுங்கள். 4கே, எட்டுகே எல்லாம் அதற்குப் பிறகு.

நம் பக்கத்துக்கென்று சில விஷயம் உண்டு. கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே டி.வி. மாட்டாதீர்கள். உப்புத் தூசி ஈரத்தை இழுக்கும், உள்ளே இருக்கும் செம்புப் பாதை பச்சை பூத்துப் போகும், பழைய ஆன்டெனாவுக்கு ஆன கதைதான். தினம் கொஞ்ச நேரமாவது ஓடினால் உள்சூட்டில் ஈரம் காயும். மாதக்கணக்கில் போர்த்தி மூடி வைப்பதுதான் ஆபத்து. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இடி இடித்தால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் கழற்ற வேண்டும்.

சிரமம் பெட்டியை மாட்டிய பிறகுதான். மாட்ட வந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஐயா, கூகுள் அக்கவுண்ட் யாரோடது போடலாம்?" வீட்டில் ஐந்து பேர். என் மகனுடையதைப் போட்டால் அவன் பார்க்கிற கிரிக்கெட்டும் கார் வீடியோவும் முகப்பில் வந்து நிற்கும். பேத்தியுடையதைப் போட்டால் கார்ட்டூன். என் அம்மாவுக்கு 86 வயது, அக்கவுண்ட் கிடையாது. பஞ்சாயத்து அறையில் சாவி ஒருவரிடம் இருந்ததே, அது நினைவுக்கு வந்தது. கணக்கு யாருடையதோ, முகப்புத் திரை அவருடையது.

அடுத்தது ரிமோட். அதில் எண்களே இல்லை. நான்கு கம்பெனிகளுக்குத் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது, ஒன்று இரண்டு மூன்று இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். எந்த எண்ணில் செய்தி, எந்த எண்ணில் சீரியல் என்று விரலுக்குப் பழக்கம். எண்ணில்லாத ரிமோட் அவருக்குக் கதவில்லாத வீடு.

ரிமோட்டில் அந்தப் பொத்தான்கள் ஏன் இருக்கின்றன, முகப்பில் சில படங்கள் ஏன் முந்தி வந்து நிற்கின்றன என்பதற்குப் பின்னால் வியாபாரம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு டி.வி. விஷயத்தில் கூகுள் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றினால்தான் பிளே ஸ்டோர் தருவோம் என்று டி.வி. கம்பெனிகளுக்கு நிபந்தனை போடுகிறது என்று இரண்டு பேர் புகார் செய்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் 20 கோடியே 24 லட்சம் ரூபாய் செலுத்தி, இந்தியாவில் பிளே ஸ்டோரைத் தனியாகவும் உரிமம் தருவதாக ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டது. அமெரிக்காவில் விசியோ என்ற டி.வி. கம்பெனி 1.1 கோடி டி.வி.களில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சரியாகச் சொல்லாமல் சேகரித்தது என்று வழக்கு வந்து, 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது. நாம் டி.வி.யைப் பார்த்த காலம் போய், டி.வி. நம்மைப் பார்த்துக் கணக்கு எழுதும் காலம். கேபிள்காரர் அண்ணன்கூட நம் வீட்டில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் முறை ஆன் செய்யும்போது வரும் ஒவ்வொரு "ஒப்புக்கொள்கிறேன்" கட்டத்தையும் மாட்ட வந்த தம்பி அவசரத்தில் தட்டிக்கொண்டே போவார். அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று வீடு. ஒரு டம்ளர் டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு நீங்கள் படியுங்கள். பார்வை விவரம், விளம்பர விவரம் என்று கேட்பதை வேண்டாம் என்று சொன்னாலும் டி.வி. ஓடும். கூகுள் டி.வி. வகையில் கணக்கே இல்லாமல் வெறும் டி.வி.யாகத் தொடங்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்கி அதைப் போட்டோம். செட்டாப் பாக்ஸை விடவில்லை. அதை முதல் எச்.டி.எம்.ஐ.யில் செருகி, டி.வி. ஆன் ஆனதும் நேராக அதற்கே போகும்படி அமைப்பில் மாற்றினோம். பழைய எண் ரிமோட்டை அம்மா தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கல்வி டி.வி. பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன, பேத்திக்கு அதைத் தேடி எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். தூர்தர்ஷன்காரர்களே 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று ஒரு செயலி தொடங்கியிருக்கிறார்கள்.

இணையம் இல்லாவிட்டால் இந்தப் பெட்டியில் பாதி வேலை நடக்காது, கரண்ட் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் தலைமேல் ஏறிக் கரை கடந்ததே, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று யார் வீட்டில் எந்த டி.வி. ஓடியது? கரண்டும் போய், டவரும் போய், பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரில்தான் செய்தி கேட்டோம். ஐப்பசி பிறப்பதற்கு முன் இரண்டு செல் வாங்கி வையுங்கள். டி.வி. வாங்கும் பட்டியலில் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நாற்பது ஐம்பது ரூபாய்தான்.

ஒரு வேண்டுகோள். அந்த 14 அங்குல அரசு டி.வி. யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். பஞ்சாயத்து டி.வி. அறை எந்த ஆண்டு திறந்தார்கள் என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் ஒரு வாரமாகத் தகராறு. அவன் 88 என்கிறான், நான் 89 என்கிறேன். அந்த அறைக்கு வெள்ளையடித்தவரோ, வயர் இழுத்தவரோ, கம்பிக் கதவைப் பிடித்துத் தொங்கி அடி வாங்கியவரோ இருந்தால் ஆண்டைச் சொல்லுங்கள்.